விட்ட ஐந்தும் வந்த ஐந்தும்

நவம்பர் 5, செவ்வாய்

தினமும் எதையாவது எழுதச் சொல்லி டொக்டர் சொன்னார். "என்ன சமைச்சனீங்கள் எண்டு எழுதினாலும் காணும், ரீச்சர்" என்றார். அவர் என்னிடம் படித்தவரில்லை. ஸ்காபரோவில் தமிழர் எல்லாருக்கும் நான் ரீச்சர்தான். ஊரில் பள்ளிக்கூடத்திலும் இங்கே பேஸ்மென்டில் ரியூசனாகவும் கணிதம் படிப்பித்தேன். இப்போது இல்லை.

சமைத்தது: கீரை, பருப்பு. நேற்றைய மீன்குழம்பு மிச்சம் இருந்தது.

என் கணவர் வீட்டில் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் இராசமலர் ஒழுங்குபடுத்தும் பஸ்ஸில் கசினோவுக்குப் போகிறார்.

நவம்பர் 6, புதன்

துணி தோய்த்தேன். குளிர்.

நவம்பர் 12, செவ்வாய்

இன்றைக்கு நானும் போனேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் அவர் கதைப்பது குறைவு. "உப்புக் காணாது", "கதவு பூட்டினீரோ" இவ்வளவுதான். போன தை மாதத்திலிருந்து அப்படி. அங்கே போய் என்ன செய்கிறார் என்று பார்க்க நினைத்தேன்.

தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாவுக்கு முன்னால் பஸ் நிற்கும். இராசமலர் ஏறுபவர்களை எண்ணி, ஆளுக்கொரு சாப்பாட்டு ரிக்கற் கொடுப்பார். எழுபது வயது, சிவப்பு லிப்ஸ்டிக்.

"சபாநாயகம் அண்ணை, இண்டைக்குப் பொலிஸோட வாறியள்!" என்றார் என்னைப் பார்த்து. பின்சீட்டில் இருந்த கிழவர்கள் சிரித்தார்கள்.

அவர் இடப்பக்க யன்னலோரம் இருந்தார். அது அவருடைய இடமாம், வேறு யாரும் இருப்பதில்லையாம். பஸ் நானூற்றியோராம் இலக்கப் பெருந்தெருவில் கிழக்கே போனது. ஒரு இடத்தில் நான் பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

அவர் விளையாடுவது வீடியோ போக்கர். திரையில் ஐந்து சீட்டுக் கடதாசி வரும். வேண்டியதைப் பிடித்து, வேண்டாததை விட்டால், விட்டவற்றுக்குப் பதில் புதிதாக வரும். கடைசியில் கையில் இருப்பதற்கேற்பக் காசு. சோடி என்றால் ஜாக் அல்லது அதற்கு மேலே இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும். எதிரில் ஆளில்லை. ஏமாற்ற யாருமில்லை. பிடிப்பது, விடுவது. அவ்வளவுதான்.

அங்கே அவர் கதைக்கிறார். என்னோடு அல்ல, திரையோடு. "வாடா, வா." "உது என்னத்துக்கு இப்ப?" இவ்வளவு காலமாகக் கேட்காத குரல். பக்கத்து ஸ்டூலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பிழை கண்டேன். ஜாக் வந்தால் பிடிக்கிறார், சரி. கூடவே ஒன்பது வந்தால் அதையும் விடாமல் பிடிக்கிறார். பிறகுதான் விளங்கியது. ஊரில் இளந்தாரியாக முன்னூற்றிநாலு என்ற கடதாசி விளையாட்டு ஆடிய கை அது. முன்னூற்றிநாலில் ஜாக்குக்கு அடுத்த பெரிய கடதாசி ஒன்பதுதான். ஆஸும் ராசாவும் அதற்குக் கீழே. ஐம்பது வருடம் கழித்தும் விரல் ஒன்பதைப் பெரியவர் என்றே நினைக்கிறது.

நவம்பர் 14, வியாழன்

குசினி மேசையில் இருந்து கணக்குப் பார்த்தேன். ஜாக்கை மட்டும் பிடித்தால், போடும் நூறு சதத்துக்குச் சராசரியாக நாற்பத்தேழு சதம் அளவில் திரும்பும். ஒன்பதையும் சேர்த்தால் அதைவிடக் குறையும். புதிதாக வரவேண்டிய ஒரு கடதாசியின் இடத்தை ஒன்பது அடைத்துக்கொண்டு இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இதை எதிர்பார்ப்புப் பெறுமானம் என்று படிப்பிப்பேன். பெயர்தான் பெரிது. ஒரு மரத்தில் மாங்காய்க்கு நூறு கல் எறிந்தால் முப்பது விழும். இன்னொன்றில் பத்துத்தான் விழும், ஆனால் ஒவ்வொன்றும் நாலு மடங்கு பெரிது. எந்த மரத்தடியில் நிற்பாய்? ஒரு கல்லை வைத்து முடிவெடுக்காதே, நூறு கல்லையும் நினை. அவ்வளவுதான் பாடம். வகுப்பில் ஒருத்தி எப்போதும் கேட்பாள்: "ரீச்சர், ஒரு கல்லுத்தான் இருந்தா?"

இரவு சாப்பாடு: பாண், சம்பல்.

நவம்பர் 19, செவ்வாய்

"ஒன்பதை விடுங்கோ" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். காலையில் மேசையில் சொன்னால் கேட்டிருக்க மாட்டார். திரைக்கு முன்னால் கேட்டார்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் விசரன் மாதிரியோ விளையாடினனான்?"

"விசரில்லை. முன்னூற்றிநாலு."

அவர் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று எழுதலாமா தெரியவில்லை.

அதன் பிறகு ஒன்பதை விட்டார். இடையில் மறந்து பிடிப்பார், என்னைப் பார்ப்பார், விடுவார்.

நவம்பர் 20, புதன்

இடியப்பம், சொதி. கதைக்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

இன்று ஒரு கை வந்தது. ஆர்ட்டினில் இரண்டு, ஐந்து, ஏழு, ஒன்பது. கூட ஒரு கிளாவர் ஐந்து.

அவர் இரண்டு ஐந்தையும் பிடிக்கப் போனார். "சோடி இருக்கு" என்றார்.

"பொறுங்கோ. சின்னச் சோடி. நாலு ஆர்ட்டின் இருக்கு, அஞ்சாவது ஆர்ட்டினும் வந்தா ஒண்டுக்கு ஆறு தருவான். மிச்சக் கடதாசி நாப்பத்தேழு. அதில ஆர்ட்டின் ஒன்பது. இதே கை நாப்பத்தேழு தரம் வந்தா ஒன்பது தரம் வெல்லுவியள், ஐம்பத்துநாலு கிடைக்கும். போட்டது நாப்பத்தேழு. சோடியைப் பிடிச்சா போட்டது முழுக்கத் திரும்பாது."

"மிச்ச முப்பத்தெட்டுத் தரம்?"

"தோப்பியள்."

"முப்பத்தெட்டுத் தரம் தோக்கிறதோ சரி?"

"ஓம்."

என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, கிளாவர் ஐந்தை விட்டார். வந்தது ஸ்பேட் ஐந்து.

"பாத்தீரே!" ஸ்டூலில் இருந்து எழும்பிவிட்டார். "பாத்தீரே! சோடியை வைச்சிருந்தா இப்ப மூண்டு அஞ்சு! உம்மட கதையைக் கேட்டன், வந்ததை விட்டன்!"

பக்கத்து மெஷினில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி திரும்பிப் பார்த்தாள். நான் அவருடைய கைமுட்டியைப் பிடித்து இருத்தினேன். ஒரு உதாரணம் சொன்னேன். வகுப்பில் சில பிள்ளைகள் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி வழியை மாற்றி எழுதுவார்கள். நான் புள்ளி கொடுப்பதில்லை. பின்பக்கம் தெரியாமல் என்ன வழி எழுதினாய் என்பதற்குத்தான் புள்ளி.

"வந்த கடதாசி பின்பக்கத்து விடை" என்றேன். "அதை வைச்சு, பிடிச்சது பிழை எண்டு சொல்லக் கூடாது."

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. வெகுநேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, திரும்பாமலே கேட்டார்:

"அப்ப வந்ததை வைச்சுப் பாக்கக் கூடாதோ?"

"கூடாது. பிடிக்கேக்க என்ன தெரிஞ்சதோ அதை வைச்சுத்தான்."

"எப்பவுமோ?"

"எப்பவும்."

நான் கடதாசியைப் பற்றித்தான் சொன்னேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பனி கொட்டியதால் பஸ் இல்லை.

ஐயர் போன் எடுத்தார். மகன் நிமலனின் ஆட்டைத்திவசம், முதலாம் வருடத் திவசம், திதிப்படி ஜனவரி 21 வருகிறது. "அம்மா, ஆர் கிரியைக்கு இருக்கிறது எண்டு சொன்னாத்தானே நான் ஆயத்தப்படுத்தலாம்? கலியாணம் கட்டாத பிள்ளை, தகப்பன்தானே இருக்கவேணும்" என்றார்.

அவரிடம் கேட்டேன்.

"செந்தூரனைக் கேளும்" என்றார். செந்தூரன் என் தமையனின் மகன்.

"நீங்கள் இருக்கிறதுதான் முறையாம்."

"வரச் சொன்னவன் நான். நானே பிறகு எள்ளுந் தண்ணியும் இறைக்கிறது?"

கராஜுக்குப் போய்ப் பனி தள்ளும் சவளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எங்கள் வாசல், பக்கத்து வீட்டு வாசல், அதற்கடுத்த வீட்டு வாசல்.

டிசம்பர் 4, புதன்

பருப்பு கரிந்துவிட்டது.

டிசம்பர் 10, செவ்வாய்

அவர் இப்போது வடிவாக விளையாடுகிறார். ஒன்பதைப் பார்த்து விரல் தயங்குவதில்லை. ராசாச் சோடியோடு ஆஸ் வந்தால் ஆஸை விடுகிறார். "அழகுக்கு வைச்சிருக்கேலாது" என்று தனக்குள் சொல்கிறார்.

இன்றைக்கும் தோல்விதான். இராசமலர் சாப்பாட்டு மேசைக்கு வந்து எங்கள் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை எடுத்துக் கடித்தார்.

"ரீச்சர், கணக்குப் பாத்து விளையாடியும் தோக்கிறியள். நான் கண்ணை மூடிக்கொண்டு அமத்தித் தோக்கிறன். உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

"நீங்கள் கெதியாத் தோப்பியள், இராசமலர். நாங்கள் ஆறுதலா."

"ஐயோ கடவுளே, இதுக்கோ படிச்சனீங்கள்!"

என் பக்கத்தில் இருந்து அவர் சிரித்தார். இம்முறை சிரிப்பென்றே எழுதுகிறேன்.

இராசமலருக்குச் சொன்னது உண்மை. எவ்வளவு சரியாகப் பிடித்தாலும் மெஷின் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். சரியான முடிவு என்பது தோற்காமல் இருப்பதற்கு உத்தரவாதமில்லை. அது பிழையைக் குறைப்பது மட்டும்தான்.

டிசம்பர் 17, செவ்வாய்

எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது, இதுவரை எழுதவில்லை. டொக்டர் எல்லாவற்றையும் எழுதத்தான் சொன்னார்.

பஸ் கிழக்கே போகும்போது ஒரு பண்ணை வரும். பண்ணையில் நீல நிறத் தானியக் கோபுரம். அந்த இடத்தில் தெரு கொஞ்சம் வளையும். எதிர்ப்பக்கத்தில், அதாவது ரொறன்ரோவுக்கு வரும் பக்கத்தில், பாதுகாப்புக் கம்பி கொஞ்சத் தூரத்துக்குப் புதியது. மற்றது மங்கியிருக்கும், அந்தத் துண்டு மட்டும் பளிச்சென்று இருக்குமாம். செந்தூரன் சொன்னான்.

இடப்பக்க யன்னலில் இருந்தால் அது தெரியும்.

எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் மூக்குக்கண்ணாடி தேடுவேன்.

டிசம்பர் 25, புதன்

விடுமுறை. தெருவில் சத்தமில்லை. கோழிக் குழம்பு வைத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டில் வைத்தபடி கேட்டார்:

"அண்டைக்கு எனக்கு என்ன தெரிஞ்சிருந்தது?"

வீட்டில், மெஷினுக்கு முன்னால் அல்ல. வீட்டில் கேட்டார்.

நான் எழும்பிப் போய் தண்ணீர்ப் பைப்பைத் திறந்தேன். கழுவுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அரிசிச் சட்டியைத் திரும்பவும் கழுவினேன்.

"நீர்தானே கணக்குக்காரி" என்றார் பின்னாலிருந்து. கோபமாகச் சொல்லவில்லை. "சொல்லும். சரியோ, பிழையோ? எனக்கு அதை மட்டும் சொல்லும். சரியெண்டாத்தான் நான் அவனுக்கு முன்னால போய் இருக்கலாம்."

டிசம்பர் 27, வெள்ளி

பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுப்பது போல எழுதிப் பார்க்கிறேன்.

ஒருவர் கிங்ஸ்டனில் வேலை செய்கிறார். சனிக்கிழமை அவருடைய மாமன் மகளின் கலியாணம் ரொறன்ரோவில். அவர் வியாழக்கிழமை பின்னேரமே வெளிக்கிடலாம், அல்லது வெள்ளிக்கிழமை வரலாம். வெள்ளிக்கிழமை உறைமழை பெய்யும் என்று ரேடியோ சொல்கிறது. வியாழக்கிழமை பனி நள்ளிரவுக்குப் பிறகுதான் என்றும் சொல்கிறது. தெரு காய்ந்திருக்கிறது. காருக்குப் பனிக்கால ரயர் போட்டிருக்கிறது. சாரதி நன்றாக நித்திரை கொண்டிருக்கிறார். அவர் தகப்பனுக்குப் போன் செய்து, "இண்டைக்கு வரட்டோ, நாளைக்கு வரட்டோ அப்பா?" என்று கேட்கிறார். தகப்பன், "இப்பவே வெளிக்கிடு தம்பி, நாளைக்கு றோட்டு மோசமா இருக்கும்" என்கிறார்.

வினா: தகப்பனின் முடிவு சரியா?

தரப்படாத தரவுகள்: ரேடியோ சொல்லாத ஒரு பனிக்காற்று ஏரிப்பக்கத்தில் இருந்து வரும். முன்னால் போகும் லொறி வளைவில் வழுக்கும். இவை பின்பக்கத்து விடைகள். பயன்படுத்தக் கூடாது.

அன்றைக்குப் பின்னேரம் அந்தத் தெருவில் ஆயிரக்கணக்கான கார் வந்திருக்கும். எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். அடுத்த நாள் உறைமழையில் அந்தத் தெருவையே பூட்டினார்கள்.

விடை தெரிகிறது. இதற்கு மேல் எழுதவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

பஸ் ஓடியது. தலையிடி என்று நான் போகவில்லை. அவர் தனியாகப் போனார்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்றும் போகவில்லை. ஐயர் மறுபடி போன் எடுத்தார். "செந்தூரன் தம்பியின்ர பேரைப் போடட்டோ?" என்றார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

அவர் அந்தக் கேள்வியைத் திரும்பவும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் நான் குசினிக்குள் வரும்போது தலையை நிமிர்த்திப் பார்ப்பார், பிறகு குனிவார். வகுப்பில் விடைத்தாள் கட்டோடு நான் உள்ளே போகும்போது பிள்ளைகள் பார்ப்பது போல.

ஜனவரி 8, புதன்

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன்.

அன்றைக்கு அவர் போனில் கதைக்கும்போது நான் அடுப்படியில் நின்றேன். "இப்பவே வெளிக்கிடு" என்றதைக் கேட்டேன். அதற்குப் பிறகு இந்த வருடம் முழுக்க அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டிருந்தேன். உரக்கச் சொன்னதில்லை. தட்டை வைக்கும்போது, லைற்றை நிற்பாட்டும்போது, அது இருந்தது. பிழை அவருடையது என்றால், நடந்ததை வைக்க ஒரு இடம் இருக்கிறது. சரி என்று சொன்னால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? லொறிக்காரனும் நல்லவன்தானாம். வழக்கு முடிந்தபோது அழுதானாம்.

சரி என்று சொன்னால் யாருமில்லை. பனி மட்டும்தான்.

பாகற்காய் வாங்க வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். இந்த வருடம் எங்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டில் இருந்து பொங்கல் அனுப்பவில்லை, முறை தெரிந்தவர்கள்.

பஸ்ஸில் போனேன். "பொலிஸ் திரும்ப வேலைக்கு வந்திட்டுது" என்றார் இராசமலர். யாரும் சிரிக்கவில்லை, குளிர்.

நீலக் கோபுரத்தடியில் கண்ணாடி தேடினேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு ஒரு கை வந்தது. அன்றைய கையே திரும்ப வந்ததென்று நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அது வேறு கைதான்: டயமனில் மூன்று, நாலு, எட்டு, பத்து. கூட ஒரு ஸ்பேட் எட்டு. ஆனால் கணக்கு அதே கணக்கு. சின்னச் சோடி ஒரு பக்கம், நாலு டயமன் மறு பக்கம்.

அவர் அவசரப்படவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நாலு டயமனையும் ஒவ்வொன்றாக அமத்திப் பிடித்தார். ஸ்பேட் எட்டை விட்டார்.

வந்தது கிளாவர் ராணி. ஒன்றுமில்லை.

திரை அடுத்த கைக்குக் கூப்பிட்டு மினுங்கியது. அவர் பட்டனைத் தொடவில்லை.

"சரிதானே?" என்றார்.

"சரி."

"தோத்திட்டன்."

"தோத்தாலும் சரி."



"உம்மட கணக்கு நூறு தரத்துக்கு" என்றார். "எங்களுக்கு ஒருதரம்தானே வந்தது."

ஒரு கல்லைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. மணி அடித்துவிட்டது என்பேன்.

"ஓம். ஒரு தரம்தான்" என்றேன். "ஒரு கல்லு இருக்கிறவனுக்கும் மரத்தைத் தெரிவு செய்ய வேற வழியில்லை. தெரிஞ்சதை வைச்சுத்தான் எறியலாம்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் அவனுக்கு அண்டைக்குச் சொன்னதும் சரி" என்றேன். "நான் கணக்குப் பாத்தனான். நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

அவர் தொப்பியை எடுத்துப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். மெஷினில் மிச்சம் இருந்த காசுக்கு ரிக்கற் எடுக்க மறந்து எழும்பினார். நான்தான் பட்டனை அமத்தி எடுத்தேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது, எனக்கு முன்னால் போனபடியே சொன்னார்:

"ஐயருக்கு என்ர பேரைச் சொல்லும்."

ஜனவரி 21, செவ்வாய்

அவர் இருந்தார்.

ஐயர் சொன்னதை எல்லாம் செய்தார். எள்ளும் தண்ணீரும் இறைத்தார். "பிள்ளையின்ர பேரைச் சொல்லுங்கோ" என்று ஐயர் கேட்டபோது "நிமலன்" என்றார். இந்த வீட்டில் அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி ஒரு வருடம்.

படைத்தது: சோறு, பருப்பு, பாகற்காய், வாழைக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, வடை, பாயாசம். அவனுக்குப் பாகற்காய் பிடிக்காது. முறைக்கு வைத்தேன்.

ஐயர் போகமுன் இராசமலர் போன் எடுத்தார். "ரீச்சர், பஸ் நிக்குது, உங்களைக் காணேல்லை!" பின்னால் யாரோ சொல்லியிருக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினார். "ஐயோ, மறந்திட்டன் ரீச்சர். பிறகு எடுக்கிறன்."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவினேன். அவர் துவாயை எடுத்து வந்து பக்கத்தில் நின்று துடைத்தார்.

ஜனவரி 28, செவ்வாய்

பஸ்ஸில் ஏறியதும், "என்னை யன்னல் பக்கம் விடுங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீர் பாப்பீரோ?"

"ஓம்."

எழும்பி இடம் விட்டார்.

நல்ல வெயில், காய்ந்த தெரு. பண்ணை வந்தது. நீலக் கோபுரம். தெரு வளைந்தது. எதிர்ப்பக்கத்தில் கம்பி மங்கலாக ஓடிவந்து, ஒரு துண்டு வெள்ளையாக மாறி, திரும்பவும் மங்கலானது. நான் நினைத்திருந்ததைவிடக் குறுகிய துண்டு. அதைக் கடந்து கார்கள் ரொறன்ரோப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"உதுதான்" என்றார் அவர்.

"கண்டனான்" என்றேன்.

கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.